இரண்டு கிலோ ஓநாய்

ஒன்றுக்குப் போகும்போது நாய் காலை எத்தனை டிகிரி தூக்குகிறது? இதை அளக்கவும் ஆள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டி மெக்வயரும் அவருடைய குழுவினரும் காப்பகத்து ஆண் நாய்களை நடைக்கு அழைத்துப்போனார்கள். கம்பத்தையும் மரத்தையும் கண்டு அவை காலைத் தூக்கும் காட்சியைப் படம்பிடித்தார்கள். தூக்கிய காலின் கோணத்தையும், ஈரம் பட்ட இடத்தின் உயரத்தையும் குறித்துக்கொண்டார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. பெரிய நாய்கள் ஏதோ கடமைக்குத் தூக்குவதுபோலத் தூக்குகின்றன. இடுப்பு சுளுக்கிவிடுமோ என்று பார்ப்பவர் பயப்படும் அளவுக்குத் தூக்குபவை குட்டை நாய்கள்தான்.

காரணம் மோப்பத்தில் இருக்கிறது. தெருவிளக்குக் கம்பம் நாய்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகை. அடுத்து வரும் நாய் முகர்ந்து பார்த்தே, வந்துபோனது ஆணா பெண்ணா, தெரிந்த முகமா புது ஆளா என்று கண்டுகொள்ளும். ஈரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் அதற்கு ஒரு தகவல். மேலே இருந்தால் உயரமான ஆசாமி. மூன்று கிலோ நாய் பத்து கிலோ நாயின் உயரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால், நேருக்கு நேர் மோதாமலே கொஞ்சம் மரியாதை கிடைக்கலாம் என்பது மெக்வயர் குழுவின் ஊகம். இது நேர்மையா, பித்தலாட்டமா என்ற கேள்வியை ஆய்வின் தலைப்பிலேயே வைத்திருந்தார்கள். இன்னொரு விளக்கத்துக்கும் இடம் விட்டார்கள்: ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லாமல், பெரிய நாய் விட்டுப்போன தடத்தின் மேலேயே தன் தடத்தையும் போட முயன்றால்கூடக் குட்டை நாய் எக்கித்தான் ஆகவேண்டும். சில குட்டி நாய்கள் எக்குவதோடு நிறுத்துவதில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றி, பின்பாகம் முழுவதையும் அந்தரத்தில் தூக்கி, சர்க்கஸ்காரரைப் போலத் தலைகீழாக நின்று காரியத்தை முடிக்கின்றன.

வீட்டில் வளரும் சிறு நாய்களின் விசித்திரங்களில் பாதிக்கு இந்தக் கம்பத்தடிக் காட்சியே விளக்கம். ஆசைகளும் அச்சங்களும் அனிச்சைச் செயல்களும் ஓநாயிடமிருந்து வந்தவை. உடம்பு மட்டும் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தால் வரும் இடைஞ்சல்களை நாய் எப்படியோ சமாளிக்கிறது. அது சமாளிக்கும் விதத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், படம் எடுக்கிறோம்.

பொமரேனியனையே எடுத்துக்கொள்ளலாம். பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா பகுதியின் பெயரைத் தாங்கிய இந்த இனம், பனிவண்டி இழுத்த வடதேசத்து நாய்களுக்கு உறவு. ஒரு காலத்தில் இப்போது இருப்பதைவிட நன்றாகவே பெரியது. விக்டோரியா மகாராணி 1888-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலிருந்து மார்க்கோ என்ற சிறிய பொமரேனியனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு சிறியதுதான் நாகரிகம் என்றாகி, தலைமுறைக்குத் தலைமுறை உருவம் குறைந்தது. இன்று இந்த இனத்துக்கு விதிக்கப்பட்ட எடை ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்றேகால் கிலோ. (தமிழ்நாட்டு வீடுகளில் பல காலமாகப் 'பொமரேனியன்' என்று அழைக்கப்பட்டுவரும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். கொஞ்சம் பெரிய உடம்பு, நம் வெயிலுக்குப் பழகிய இனம். பெயர் மாற்றிச் சொன்னதற்காக அவை கோபித்துக்கொள்வதில்லை.)

உருவம் சிறுத்ததற்கு முழுப் பொறுப்பும் மனிதனுடையது அல்ல. நாயின் உடல் அளவைத் தீர்மானிப்பதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2007-இல் தெரியவந்தது. சிறு உருவத்தோடு தொடர்புடைய அதன் வடிவம் மனிதன் இனப்பெருக்கம் செய்து உண்டாக்கிய புதுச்சரக்கு என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2022-இல் கதை மாறியது. ஏறக்குறைய 54,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் வாழ்ந்த ஓர் ஓநாயின் எச்சத்திலேயே அந்த வடிவம் இருந்தது. மனிதன் நாயைப் பழக்குவதற்கு வெகுகாலம் முன்பே, சிவாவாவுக்கு வேண்டிய விதை ஓநாய்க்குள் சும்மா கிடந்திருக்கிறது.

சரி, உடம்பு சுருங்கினால் என்ன ஆகும்? சாம்பாரில் மிதக்கும் மினி இட்லியையும் காஞ்சிபுரம் இட்லியையும் நினைத்துப் பார்த்தால் போதும். ஒரே நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்கினாலும் மினி இட்லி சட்டென்று ஆறிவிடும். பொருள் சிறுத்தால் அதன் எடை குறையும் வேகத்தில் மேற்பரப்பு குறையாது. இரண்டு கிலோ நாய்க்கு, முப்பது கிலோ நாயோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகத் தோல் இருக்கிறது. அத்தனை தோல் வழியாகவும் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். சிவாவா வெடவெடவென்று நடுங்குவதற்கு இது முதல் காரணம். நடுங்கும் தசை சூட்டை உண்டாக்குகிறது. ஏசி அறையில் நமக்கு இதமாக இருக்கும்போதே அது போர்வைக்குள் நுழைவதும், மடியில் ஏறிச் சுருண்டு மூக்கை வாலுக்குள் செருகிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். சுருண்டால் வெளியே தெரியும் தோல் குறைகிறது. ஆனால் நடுக்கம் எல்லாமே குளிர் அல்ல. பயம், பரபரப்பு, வலி, சிறு குட்டிகளில் ரத்தச் சர்க்கரை இறங்குவது என்று வேறு காரணங்களும் உண்டு. சாப்பிடாமல் சோர்ந்து நடுங்கும் குட்டியைச் 'செல்லமாக நடுங்குது' என்று கொஞ்சிக்கொண்டிருப்பது ஆபத்து.

குளித்த நாய் உடம்பை உதறுவதிலும் இதே அளவுக் கணக்கு வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூவும் அவருடைய மாணவர்களும் எலி முதல் கரடி வரை 16 வகை விலங்குகளை நனைத்து, அவை உதறுவதை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி கரடி நொடிக்கு நான்கு முறை உதறினால் போதும்; லாப்ரடாருக்கு நான்கு, ஐந்து முறை. சுண்டெலிக்கோ முப்பது முறை வேண்டும். ரோமத்தில் ஒட்டியிருக்கும் நீர்த்துளியைப் பிய்த்தெறிய ஒரு குறிப்பிட்ட விசை தேவை. பருத்த உடம்பு மெதுவாகச் சுழன்றாலே அந்த விசை கிடைத்துவிடும். ஒல்லி உடம்பு வேகமாகச் சுழலவேண்டும். எனவே குட்டி நாய் உதறும்போது உருவமே தெரியாமல் மங்கலாகிப்போவது பார்ப்பவர் கண்ணின் பிழையில்லை. தளர்வான தோல் முதுகெலும்பைவிட அதிக தூரம் வீசியடிப்பதும் இதற்கு உதவுகிறது. நனையாத நாயும் சில நேரம் உதறும். மருத்துவரின் மேசையிலிருந்து இறக்கிவிட்டதும், பிடிக்காத ஒருவர் தூக்கிக் கொஞ்சிவிட்டுக் கீழே விட்டதும், தலையிலிருந்து வால்வரை ஓர் உதறல். மன இறுக்கம் தளரும் அடையாளமாக அதை நாய்ப் பயிற்சியாளர்கள் படிக்கிறார்கள்.

வெயில் காலத்தில் கணக்கு தலைகீழ். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்கால் திண்டுகளில் மட்டுமே. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் குளிரூட்டி. ஆகவே மொசைக் தரையைக் கண்டதும் வயிற்றை அதில் ஒட்டவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் பின்னால் நீட்டி, தோல் உரித்துப் பரப்பிய தவளைபோலக் கிடக்கிறது. அடிவயிற்றில் ரோமம் குறைவு. சூடு தரைக்குள் இறங்க அதுவே நல்ல வழி. அணில்களும் இப்படிப் படுக்கும். 2022 கோடையில் நியூயார்க் நகரப் பூங்காத் துறை, அணில்கள் கால் பரப்பிக் கிடந்தால் பதறவேண்டாம், அவை உடம்பை ஆற்றிக்கொள்கின்றன என்று மக்களுக்கு அறிவிக்கவேண்டி வந்தது. குட்டைக்கால் கார்கி இந்தப் படுக்கைக்குப் பேர்போனது. இளம் நாய் இப்படிக் கிடந்தால் ரசிக்கலாம். இதுவரை இப்படிப் படுக்காத வயதான நாய் திடீரென்று ஒரு காலை மட்டும் பின்னால் நீட்டிக் கிடந்தால் இடுப்பு மூட்டை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

படுப்பதற்கு முன் நடக்கும் சடங்கு இன்னும் பழையது. மெத்தை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் மூன்று சுற்றுச் சுற்றி, நகத்தால் பிறாண்டி, பிறகுதான் படுக்கும். டார்வின் 1872-இல் வெளியிட்ட உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில் இதைக் கவனித்துக் குறிப்பிட்டிருக்கிறார். புல்வெளியில் வாழ்ந்த முன்னோர் புல்லை மிதித்துப் பள்ளம் பண்ணிப் படுத்த பழக்கம், கம்பளத்தின் மேலும் அர்த்தமில்லாமல் தொடர்கிறது என்பது அவர் எண்ணம். சோபாவின் இடுக்கில் பிஸ்கட்டை வைத்து, இல்லாத மண்ணை மூக்கால் தள்ளி மூடும் நாயும் இதே பள்ளிக்கூடத்து மாணவன்தான். வேலை முடிந்த திருப்தியோடு அது போய்விடும். பிஸ்கட் பளிச்சென்று வெளியே தெரியும்.

தோண்டுவதில் டேஷண்ட் தனி ரகம். ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்கே வளைக்கரடி நாய் என்றுதான் பொருள். வளைக்கரடி என்பது மண்ணுக்குள் குடியிருக்கும், நல்ல பல்லும் நகமும் உள்ள முரட்டு விலங்கு. அதன் வளைக்குள் நுழைந்து, இருட்டில், தனியாக அதை எதிர்கொள்ளும் வேலைக்காக உருவாக்கப்பட்ட நாய் இது. படுக்கை விரிப்புக்குள் சுரங்கம் போட்டு மறுபக்கம் தலையை நீட்டுவதைக் குழந்தைத்தனம் என்று நினைப்பவர்கள் அந்தத் தொழில் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். குட்டைக் கால்களுக்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று. டேஷண்ட், கார்கி, பாசெட் ஹவுண்டு எல்லாவற்றிலும் அது இருப்பதாக 2009-இல் கண்டறிந்தார்கள். இன்னொரு நகல் 2017-இல் அகப்பட்டது. அது முதுகெலும்பின் இடைத்தட்டுகளைச் சீக்கிரமே இறுகவைத்துவிடுகிறது. டேஷண்டுகளில் ஐந்தில் ஒன்றுக்காவது வாழ்நாளில் டிஸ்க் கோளாறு வருகிறது. பின்னங்காலில் நின்று பிச்சை கேட்கும் டேஷண்ட் அழகுதான், கட்டிலிலிருந்து குதிப்பதும் அழகுதான். அதன் முதுகு மட்டும் அந்த அழகை ரசிக்கும் நிலையில் இல்லை.

இரண்டுக்குப் போவதற்கு முன் சுற்றுவதற்கு ஒரு விநோதமான விளக்கமும் உண்டு. செக் குடியரசையும் ஜெர்மனியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 37 இனங்களைச் சேர்ந்த 70 நாய்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1,893 முறை அவை மலம் கழித்த திசையைக் குறித்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருந்த நேரங்களில் நாய்கள் வடக்கு–தெற்காக நிற்க விரும்பின என்று 2013-இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் காந்தப்புலம் அவ்வளவு அமைதியாக இருப்பது பகல் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். எனவே திசைகாட்டியோடு பின்னால் போய்ப் பார்க்கும் வாசகர் இரண்டு நாளில் ஒரு முடிவுக்கும் வந்துவிட வேண்டாம்.

சிறு நாயின் தோரணைகளைப் புரிந்துகொள்ள ஒரு முறையாவது தரையில் படுத்து, நிற்கும் மனிதரை அண்ணாந்து பார்க்கவேண்டும். இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர் ஏழு மடங்கு உயரமான கோபுரம். முகம் எங்கோ மேலே இருக்கிறது. முகத்தைப் பார்க்கத்தான் முன்னங்காலை நம் முழங்காலில் வைத்து எழுகிறது. அந்தக் கோபுரம் கையை நீட்டிக்கொண்டு மேலிருந்து கவிழும்போது, பாசத்தோடு கவிழ்கிறதா கோபத்தோடு கவிழ்கிறதா என்று கீழே இருப்பவருக்கு உடனே விளங்காது. காதை மடக்கி, வாலைக் கவட்டுக்குள் இடுக்கி, உதட்டை நக்கி, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்துப் பம்முகிறது. வீட்டுக்காரர் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்: 'தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது பாருங்க!'

தெரியுமா என்று சோதித்தவர் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். அவருடைய சோதனையில் 14 நாய்கள். எசமானர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தொடாதே என்று சொல்லிவிட்டு வெளியே போகவேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றதா இல்லையா என்பதை ஆய்வாளர்தான் அவருக்குச் சொல்வார். அந்தத் தகவல் சில முறை வேண்டுமென்றே பொய். 2009-இல் வெளிவந்த முடிவு நாய்ப் பிரியர்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. திருட்டு முழி, தின்ற நாய் தின்னாத நாய் என்று பேதம் பார்க்கவில்லை. எசமானர் திட்டினால் வந்தது, திட்டாவிட்டால் குறைந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகத் திருதிருவென்று விழித்தன.

பம்மி ஒன்றும் நடக்காவிட்டால் உறுமல், உறுமியும் நடக்காவிட்டால் கடி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் செர்ப்பெல் குழுவினர் ஆயிரக்கணக்கான வளர்ப்பவர்களிடம் கேட்டு 2008-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் மூர்க்கத்தில் முன்னணியில் நின்றவை ராட்வைலரோ டாபர்மேனோ அல்ல, டேஷண்டும் சிவாவாவும். இதை இனத்தின் குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2010-இல் வியன்னா ஆய்வாளர்கள் 1,276 வளர்ப்பவர்களிடம் விசாரித்தபோது, சிறு நாய் வைத்திருப்பவர்கள் பயிற்சி தருவதிலும் ஒரே விதியைக் கடைப்பிடிப்பதிலும் பின்தங்கியிருப்பது தெரிந்தது. லாப்ரடார் விருந்தாளி மேல் பாய்ந்தால் வீடே எழுந்து தடுக்கும். பொமரேனியன் அதையே செய்தால் பிஸ்கட் கிடைக்கும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நம்பி மடியில் இருக்கும் ஷிட்சூவிடம் கையை நீட்டுபவர்கள், பல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி ஊசிக்குப் போகத்தான் வேண்டும். ரேபிஸ் கிருமி நாயின் எடையைப் பார்ப்பதில்லை.

வேடிக்கை என்று படம் எடுக்கப்படுகிற கோலங்களில் சில வேடிக்கையே இல்லை. 2003-இல் வந்த ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் பின்னால் ஓடிய பக் நாய் இந்தியா முழுக்க வீடுகளுக்குள் புகுந்தது. சப்பை மூக்கு, சுருங்கிய நெற்றி, உருண்டைக் கண். அது உட்கார்ந்தபடியே தூங்கிச் சாய்வதும், தலையணை விளிம்பில் மோவாயைத் தூக்கி வைத்துத் தூங்குவதும், பொம்மையை வாயில் கவ்வியபடி குறட்டை விடுவதும் இணையத்தில் லட்சக்கணக்கானோரைச் சிரிக்கவைக்கின்றன. மண்டை ஓடு குட்டையாகிவிட்டது. உள்ளே இருக்கும் மென்னண்ணமும் நாக்கும் அதே அளவுக்குக் குட்டையாகவில்லை. நாசித் துளை கீற்றாகச் சுருங்கிவிட்டது. படுத்துத் தசை தளர்ந்ததும் மூச்சுப் பாதை அடைகிறது. மோவாயைத் தூக்கி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் காற்று நுழைய இடம் கிடைக்கும். பொம்மை அங்கே விளையாட்டுச் சாமான் அல்ல, வாய் மூடாமல் முட்டுக்கொடுக்கும் கட்டை. மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மூக்குப்பகுதி இல்லாத நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நெதர்லாந்து 2019 முதல் கண்டிப்புக் காட்டுவது இதனால்தான். சித்திரை வெயிலில் பக் நாயை நடைக்கு இழுத்துப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

நேர்மாறாக, பார்க்கப் பயங்கரமாக இருந்தும் பெரும்பாலும் ஒன்றுமில்லாத ஒரு கோலமும் உண்டு. நாய் திடீரென்று நின்று, முழங்கை இரண்டையும் விரித்து, கழுத்தை நீட்டி, மூக்கு வழியாகக் 'கர்ர்க் கர்ர்க்' என்று காற்றை உள்ளே இழுக்கும். மூச்சு நின்றுவிடப் போகிறது என்று வீடு அலறும். இது பின்தும்மல். சாதாரணத் தும்மல் காற்றை வெளியே தள்ளும். இது உள்ளே உறிஞ்சும். மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் தூசியோ, ஊதுபத்திப் புகையோ, சென்ட் வாசனையோ உறுத்தினால் வரும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் நின்றுவிட, நாய் எதுவும் நடக்காததுபோல நடந்துபோகும். கழுத்துப்பட்டையை இழுக்கும்போதெல்லாம் வாத்து கத்துவதுபோல இருமல் வந்தால் அது வேறு. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்றவற்றில் மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்கள் நலிந்து தட்டையாகிவிடுவதுண்டு. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸுக்கு மாறவும், மருத்துவரைப் பார்க்கவும் அந்த இருமலே அறிவிப்பு.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தலையைச் சாய்த்துப் பார்ப்பது ஏன் என்பதற்குத்தான் இன்னும் முழு விடை இல்லை. உளவியலாளர் ஸ்டான்லி கோரன் ஒரு யோசனை சொன்னார்: நீண்ட மூக்கு நம் வாயை மறைக்கிறது, சாய்த்தால் முகம் முழுதாகத் தெரியும். தன் மூக்கின் மேல் ஒரு கைமுஷ்டியை வைத்து எதிரில் இருப்பவரைப் பார்த்தால் நாயின் சிரமம் புரியும் என்றார். 582 பேரிடம் விசாரித்தபோது நீள மூக்கு நாய்களில் 71 விழுக்காடு அடிக்கடி சாய்ப்பதாகவும், சப்பை மூக்கு நாய்களில் 52 விழுக்காடு சாய்ப்பதாகவும் தெரிந்தது. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் மறைக்க மூக்கே இல்லாத பக் ஏன் சாய்க்கிறது?

புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2021-இல் வேறு வழியில் போனார்கள். பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொள்வதில் கெட்டிக்கார நாய்கள் சில உண்டு. ஒரு பொம்மையின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொன்னபோது அவை 43 விழுக்காடு முறை தலையைச் சாய்த்தன. பெயர் கற்க முடியாத சாதாரண நாய்கள் 2 விழுக்காடுதான் சாய்த்தன. சொல்லை நினைவில் துழாவும் நேரத்தில் தலை சாய்கிறதோ என்று அவர்களுக்குத் தோன்றியது. இன்னொன்றையும் கவனித்தார்கள். எசமானர் எந்தப் பக்கம் நின்று சொன்னாலும் ஒவ்வொரு நாயும் தனக்குப் பழகிய பக்கமே சாய்த்தது. மாதக் கணக்கில் பார்த்தும் அது மாறவில்லை.